கேட்கத் தெரிந்த கரை

பல்கலைக்கழகக் கவியரங்கு என்ற பேச்சை எடுத்தாலே நம் இலக்கியக்காரர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்ச் சங்கக் கலைவிழாவிலோ முஸ்லிம் மஜ்லிஸின் மீலாத் விழாவிலோ வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் ஓய்ந்து சபை பாதி கலைந்த பிறகுதான் கவியரங்குக்கு முறை வரும். நடுவில் தலைமைக் கவிஞர், இரு பக்கமும் ஐந்தாறு மாணவ மாணவியர், எல்லாருக்கும் சேர்த்து ஒரு பொதுத் தலைப்பு, ஆளுக்கொரு உபதலைப்பு. இறை வணக்கம், தமிழ் வணக்கம், தலைவர் வணக்கம், அவையடக்கம் என்று வணக்கங்களிலேயே கால்வாசி நேரம் கரைந்துவிடும். பிறகு வருபவை பெரும்பாலும் எதுகை தேடி அலைந்த வரிகள்: தாயின் கருவறை, தமிழின் தொன்மை, நிலாவின் வெட்கம், ஏழையின் அடுப்பு. இரவில் கைதட்டல் வாங்கிய கவிதையை மறுநாள் தாளில் வாசித்தால் சத்தம் போய்ச் சக்கை தெரியும். இந்தக் குற்றச்சாட்டில் எதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் கவியரங்கை அங்கே வாசிக்கப்பட்ட கவிதைகளை மட்டும் வைத்து அளப்பது, பாடசாலைக் கிரிக்கெட்டை அதில் அடிக்கப்பட்ட ஓட்டங்களை மட்டும் வைத்து அளப்பதைப் போன்றது. எழுதுகிறவர்களைவிடக் கேட்கிறவர்களைத்தான் கவியரங்கு அதிகம் உருவாக்குகிறது. நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் ஆறு பேர் வாசிக்கிறார்கள்; அந்த ஆறு பேரில் ஒருவர் கவிஞராகத் தேறினாலே பெரிது. மற்ற தொண்ணூற்று நான்கு பேருக்கு என்ன நடக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு வரியைக் காதால் வாங்கி, மனதில் நிறுத்தி, அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவரோடு முணுமுணுக்கும் பழக்கம் அவர்களுக்கு வருகிறது. கோமாரியிலிருந்து பெரியநீலாவணை வரை நீளும் அம்பாறைக் கரையோரம் நவீன தமிழ்க் கவிதைக்கு இத்தனை பெயர்களைத் தந்ததற்கு இந்தப் பழக்கமே அடிப்படை என்பது என் வாதம். அந்தப் பழக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் இடமாக ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்க வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி.

கோமாரி பொத்துவிலுக்கு வடக்கே ஏ4 பெருந்தெருவில் இருக்கும் தமிழ்க் கிராமம். அங்கிருந்து வடக்கே பஸ் ஏறினால் சங்கமன்கண்டி, திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊர்கள் வரிசையாக வரும். கோவில் மணியும் பாங்கொலியும் மாறி மாறிக் கேட்கும் பாதை அது. ஊர் மாறினாலும் பேச்சின் இழுவை பெரிதாக மாறாது. இந்தக் கரையில் ‘கவி’ என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அச்சிட்ட புத்தகம் அல்ல, நாலு வரியில் பாடப்படும் நாட்டார் கவிதான். காவற்பரணில் நித்திரை விழித்திருப்பவன் தூரத்துப் பரணில் இருப்பவனுக்கு எட்டும்படி ஒன்றை இழுத்துப் பாடுவான்; மற்றவன் அதற்கு மறுகவி சொல்வான். சூடு மிதிக்கும் களத்தில் பொலிப் பாட்டு. மச்சானுக்கும் மச்சிக்கும் இடையில் தூது போகும் காதற்கவி. வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தபோது இந்தப் பாட்டு மரபும் நூலேறியது. நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் முஸ்லிம் கிராமங்களின் கவிகளைப் பல ஆண்டுகள் திரட்டினார். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்று ஒரு தொகுப்பே கொண்டுவந்தார். இந்தக் கவிகளில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கேட்பவர் மறுகவி சொல்லத் தெரிந்தவராக இருந்தால்தான் பாடியவரின் கவிக்கு முழு உருவம். கேட்பவர் வாய் திறக்காமல் இருப்பது அங்கே மரியாதை அல்ல, தோல்வி.

இந்த நிலத்தில்தான் 1960களின் நவீன கவிதை விளைந்தது. பெரியநீலாவணையில் 1931இல் பிறந்த ஆசிரியர் கே. சின்னத்துரை, ‘நீலாவணன்’ என்ற பெயரில் எழுதினார். கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று நடத்தினார். 1967இல் ‘பாடும் மீன்’ இதழை வெளியிட்டார். அவரைச் சுற்றி எழுத வந்தவர்களில் மருதமுனைக்காரர், கல்முனைக்காரர், பாண்டிருப்புக்காரர் என்று எல்லாரும் இருந்தார்கள். தமிழர், முஸ்லிம் என்று பிரித்து உட்காரவில்லை. அந்த வட்டத்தில் வளர்ந்த எம். ஏ. நுஃமான், இருபத்தைந்து வயதையொட்டி 1969இல் ‘கவிஞன்’ என்று கவிதைக்கென்றே ஒரு காலாண்டிதழைத் தொடங்கினார். அது சில இதழ்களே வந்தது. அளவெட்டியில் பிறந்த மஹாகவியின் பா நாடகமான ‘கோடை’ 1970இல் நூலானபோது அதை வெளியிட்டது யாழ்ப்பாணத்துப் பதிப்பகம் அல்ல, கல்முனை வாசகர் சங்கம். அந்தப் பெயரை யோசித்துப் பாருங்கள். எழுத்தாளர் சங்கம் என்றோ கவிஞர் மன்றம் என்றோ வைக்காமல் வாசகர்கள் சங்கம் வைத்து, தங்களுக்குப் பிடித்த கவிஞனின் நூலைத் தாங்களே அச்சிட்டார்கள். கவிதையைக் கேட்டு ரசித்துப் பழகிய கூட்டம் ஒன்று முதலில் இல்லாவிட்டால் இப்படியொரு வெளியீட்டு முயற்சி அந்தச் சிறுநகரத்தில் முளைத்திருக்காது.

இவர்களில் பெரும்பாலோர் பாடசாலை ஆசிரியர்கள் என்பதும் தற்செயல் அல்ல. ஆசிரியர் என்றால் நாள்தோறும் முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கவிதையை உரக்கச் சொல்கிறவர். எங்கே குரல் தழைந்தால் பின்வாங்கு பேசத் தொடங்கும், எந்தச் சொல்லில் எல்லாக் கண்ணும் நிமிரும் என்பது அவருக்குத் தெரியும். கவிஞர்களான மஹாகவி, முருகையன், நுஃமான் மூவரும் வற்புறுத்திய பேச்சோசை இங்கே முக்கியமாகிறது. யாப்பை உடைக்காமல், ஆனால் பாட்டாக இழுக்காமல், மனிதர் பேசுகிற தொனியில் வரி ஓட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. சீரைப் பிரித்துக் காட்டும்படி வாசிக்காமல் பொருள் நிற்கும் இடத்தில் நிறுத்தி வாசிக்க வேண்டும். வரி முடிகிற இடமும் மூச்சு முடிகிற இடமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. கேட்பவர்கள் இல்லாமல் இந்தக் கொள்கையைப் பரீட்சிக்க வழியே இல்லை. ஒரு வரி பேச்சு மாதிரி இருக்கிறதா என்பதைத் தாள் சொல்லாது, காதுதான் சொல்லும். ஆக, கவியரங்கைப் பழிக்கும் நவீனத்துவர்கள் கையாளும் அளவுகோல்களில் ஒன்றே உரத்த வாசிப்பின் பக்கத்தில் உருவானதுதான்.

ஊர்ச் சங்கம் செய்ததைப் பல்கலைக்கழகம் செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. 1980களின் முதற்பாதியில் அங்கே பல்கலைக்கழகக் கலாசாரக் குழு ‘கவிதா நிகழ்வு’ என்ற வடிவத்தை எடுத்தது. பல கவிஞர்களின் கவிதைகளைக் கோத்து ஒரே பிரதியாக்கி, மாணவரும் விரிவுரையாளரும் சேர்ந்து குரலாலும் உடலாலும் நிகழ்த்தினார்கள். தலைமைக் கவிஞர் இல்லை, வணக்கங்கள் இல்லை, கவிஞனின் பெயருக்குக் கைதட்டும் வழக்கம் இல்லை. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ அதே மாணவர் சூழலிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போயிற்று. கல்முனையில் தொடங்கிய நுஃமான் அக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர். 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டபோது ‘புத்தரின் படுகொலை’யை அவர் எழுதினார். அதே ஆண்டில் அவர் மொழிபெயர்த்த ‘பாலஸ்தீனக் கவிதைகள்’ வெளிவந்தது. கிழக்குக் கரையின் முஸ்லிம் கவிஞர் ஒருவர், வடக்கின் துயரைத் தமிழில் எழுதி, அரபு நிலத்தின் துயரையும் அதே வாசகரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதைக் கேட்க ஒரு மாணவர் கூட்டம் தயாராக இருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு என்ன ஆயிற்று என்பதையும் மறைக்கக்கூடாது. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டார்கள். 1991 மே மாதத்தில் பல்கலைக்கழக மாணவி சிவரமணி தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டில் நாடகத்துறை மாணவியான கவிஞர் செல்வியைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. வளாகத்துக் கவிதைச் சமூகம் யாரையும் காப்பாற்றிவிடும் என்று சொல்ல இந்த வரலாறு இடம் தராது. ஆயினும் சிவரமணி எரித்த பிறகும் அவர் கவிதைகளில் சில எஞ்சின. இதழ்களிலும் மற்றவர் கைகளிலும் இருந்தவற்றைத் தேடிச் சேர்த்துப் பின்னர் நூலாக்கினார்கள். கவிஞரே வேண்டாமென்று நெருப்பில் போட்டதைக் கேட்டவர்களும் வாசித்தவர்களும் வைத்திருந்தார்கள். இதை நல்லது என்று சொல்வதா, அவர் விருப்பத்தை மீறியது என்று சொல்வதா என்பதில் எனக்கே இரண்டு மனம் உண்டு. ஆனால் கவிதை எழுதியவரிடம் மட்டும் இருக்கும் பொருள் அல்ல என்பதற்கு இதைவிடக் கடினமான சான்று கிடைக்காது.

ஒலுவிலின் கதை இந்தச் சிதறலிலிருந்தே தொடங்குகிறது. வடக்கிலும் கிழக்கிலும் யுத்தத்தால் படிப்பைத் தொடர முடியாமற்போன முஸ்லிம் மாணவர்களை முன்னிட்டு 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் ஆரம்பிக்கப்பட்டது. 1996 மே மாதத்தில் அது முழுப் பல்கலைக்கழகமாகி, ஒலுவில் கடலோரத்தில் நிலைகொண்டது. இதற்காக நின்று போராடிய அமைச்சர் எம். எச். எம். அஷ்ரஃப் தாமே கவிஞர். 1999இல் ‘நான் எனும் நீ’ என்ற பெரிய தொகுப்பை வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஹெலிகொப்டர் விபத்தில் காலமானார். கவிதை எழுதும் அரசியல்வாதி தமிழில் புதிதல்ல என்று யாரும் சொல்லலாம். கவிதை எழுதுகிறவர் முயன்று பிறந்த பல்கலைக்கழகம் என்பது மட்டும் அபூர்வம்.

இன்று அங்கே வரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கோமாரியிலிருந்தும் வரலாம், மன்னாரிலிருந்தும் வரலாம், மாவனல்லையிலிருந்தும் வரலாம். பாடசாலையில் அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிக்காகப் பாவோதலும் பேச்சும் பழகியிருப்பாள். வலய மட்டம், மாகாண மட்டம் என்று ஏறியிருப்பாள். அந்தப் பயிற்சி உயர்தரத்தோடு நின்றுவிடும். விடுதிக்கு வந்த முதல் மாதங்களில் அவளை ஒரு கூட்டத்தோடு சேர்த்துவிட இரண்டு ஏற்பாடுகள் காத்திருக்கும். ஒன்று பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கி எத்தனையோ வருடங்களாகியும், ‘ஒற்றுமை வரும், கூச்சம் போகும்’ என்ற பழைய நியாயம் இன்னும் நாட்டில் சொல்லப்படுகிறது. மற்றது சங்கங்கள். கூச்சம் போக வேண்டுமென்றால் சபைக்கு முன்னால் நின்று தன் வரியைத் தன் குரலில் சொல்வதைவிட வேறு என்ன வேண்டும்? பகிடிவதையில் புதியவள் மற்றவர் எழுதிய வசனத்தைத் தலைகுனிந்து சொல்கிறாள்; கவியரங்கில் தான் எழுதியதை நிமிர்ந்து சொல்கிறாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாடு ஒரு பல்கலைக்கழகத்தின் குணத்தையே தீர்மானிக்கக் கூடியது. சங்க அறையின் சாவியை நேரத்துக்குத் திறந்துவிடுவது கூடப் பகிடிவதைத் தடுப்பு நடவடிக்கைதான் என்று நிர்வாகங்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

இனி மறுப்புகள். முதலாவதும் வலுவானதும், மேடை கவிதையைக் கெடுக்கும் என்பது. இதற்குச் சான்றாகக் கல்முனையையே காட்டலாம். சோலைக்கிளி 1985இல் ‘நானும் ஒரு பூனை’யோடு வந்தார், ‘எட்டாவது நரகம்’, ‘காகம் கலைத்த கனவு’ என்று தொடர்ந்தார். படிமங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரளும் அந்தக் கவிதைகளைக் கவியரங்கில் இரண்டு தரம் சொல்லிக் கைதட்டல் வாங்க முடியாது. தனியே இருந்து திரும்பத் திரும்பக் கண்ணால் வாசிக்க வேண்டும். அனாரின் ‘எனக்குக் கவிதை முகம்’ தொகுப்பும் அப்படித்தான். இந்தக் கரையின் உச்சங்கள் மேடையிலிருந்து வரவில்லையே, பிறகு மேடையை ஏன் தூக்கிப் பிடிக்கிறாய் என்று கேட்டால், கேள்வி நியாயமானது. என் பதில், உச்சத்துக்குப் போகிறவர்களுக்கு மேடை தேவைப்படாது, அவர்களை இனங்காண்கிறவர்களுக்குத் தேவைப்படும் என்பதே. கல்முனைக்குடியில் ஒருவர் விளங்காத மாதிரி எழுதுகிறார் என்று தூக்கிப் போடாமல், இதில் என்னவோ இருக்கிறது என்று நின்று பார்த்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? எதுகையும் மோனையும் காதில் ஊறிப்போனவனுக்குத்தான் அவை இல்லாத இடத்தில் வேறு ஏதோ நடக்கிறது என்று பிடிபடும். அனார் தன் புதுக்கவிதைக்குப் பக்கத்திலேயே நாட்டார் கவிகளையும் தேடித் தொகுத்தது இந்த உறவை அவரே அறிந்திருந்தார் என்பதைக் காட்டுகிறது.

கெடுக்கும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அது மேடையின் இயல்பால் வருவதைவிட அதன் ஒழுங்குமுறையால் வருகிறது. கவியரங்கில் வரியை இரண்டு தரம் சொல்வதைக் கிட்ட நின்று கவனித்தால் இது தெரியும். முதல் தரம் சொல்லும்போது அவை பொருளை வாங்குகிறது. இரண்டாம் தரம் பாதியில் நிறுத்தினால் மிச்சச் சொல்லை அவையே ஊகித்து முன்கூட்டிச் சொல்லிவிடும். ஊகித்தது சரியாக வந்தால் சபை தன்னைத்தானே மெச்சிக் கைதட்டுகிறது. ஆகவே ஊகிக்கக் கூடிய எதுகைக்குப் பரிசும், ஊகிக்க முடியாத சொல்லுக்கு மௌனமும் கிடைக்கின்றன. மாணவக் கவிஞன் இரண்டு கவியரங்குகளிலேயே இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டு விடுகிறான். இதைத் தடுக்க ஒரு சின்ன மாற்றம் போதும்: ஒரு தரம் மட்டும் வாசிப்பது, வாசித்த பிறகு பதினைந்து நிமிடம் அவையைப் பேசவிடுவது. நாட்டார் கவியின் மறுகவி மரபும் இதையே சொல்கிறது. கேட்டவன் பதில் சொல்ல வேண்டும். கைதட்டல் பதில் ஆகாது. பொதுத் தலைப்பையும் கைவிடலாம். ‘சமாதானம்’ என்று தலைப்புக் கொடுத்தால் சமாதானத்தைப் பற்றிய கட்டுரைதான் எதுகையோடு வரும். 1986இல் சிக்காகோவின் கிரீன் மில் விடுதியில் மார்க் ஸ்மித் நிலைநிறுத்திய ‘ஸ்லாம்’ என்ற கவிதைப் போட்டியில் தலைப்பு இல்லை, மூன்று நிமிடம்தான், அவையிலிருந்தே ஐந்து பேரைப் பிடித்துப் புள்ளி போடச் சொல்வார்கள். மூன்று நிமிடத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். புள்ளி போடுவதை விட்டுவிடலாம். தமிழ்த்தினப் போட்டி நம் பிள்ளைகளுக்குத் தேவைக்கு மேலேயே புள்ளி போட்டு முடித்துவிட்டது.

இரண்டாவது மறுப்பு, எல்லாரும் முகநூலில் எழுதுகிறார்கள், அங்கே ஆயிரம் பேர் வாசிக்கிறார்கள், மண்டபத்தில் நூறு பேரைத் தேடுவது எதற்கு என்பது. எண்ணிக்கையில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் அங்கே வாசிக்கிறவர் யார் என்பது எழுதியவருக்குத் தெரியாது. எந்த வரியில் அவர் விரல் நகர்ந்தது என்பதும் தெரியாது. எழுதியவர் யார் என்பது வாசிப்பவருக்கும் தெரியாது என்பதுதான் இதைவிடப் பெரிய ஆபத்து. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமுக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 2017இல் வெளிவந்த அவருடைய ‘நவரசம்’ கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று சொல்லி 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து, 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தத் தொகுப்பில் வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் இருந்தன. தமிழ்க் கவிதை எப்படிப் பேசும், எந்த இடத்தில் கவிஞன் தன் குரலில் பேசுகிறான், எந்த இடத்தில் மற்றவன் குரலை எடுத்துப் பேசுகிறான் என்று தெரியாதவர்கள் கையில் அது அகப்பட்டது. பிறகு தமிழ் எழுத்தாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் முன்வந்து, இந்தக் கவிதை சொல்வது இது அல்ல என்று எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. கவிதைக்கும் சாட்சி தேவைப்படும் நாடு இது. அந்தச் சாட்சிகள் கவிதை கேட்டுப் பழகியவர்களாகவே இருக்க முடியும்.

மூன்றாவது மறுப்பை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நடைமுறையில் காட்டுகிறார்கள்: பெண் பிள்ளைகள் மேடையில் நின்று காதலையும் கோபத்தையும் சொல்வது நம் ஊருக்குச் சரிவராது என்பது. கலைப் பீடங்களில் மாணவிகளே பெரும்பான்மை. ஆனாலும் கவியரங்குப் படங்களில் ஒன்றோ இரண்டோ மாணவிகள்தான், அதுவும் தாய்மை, கல்வி, சீதனக் கொடுமை போன்ற ஆபத்தில்லாத உபதலைப்புகளோடு இருப்பார்கள். மரபு என்று சொல்லி இதை நியாயப்படுத்த முடியாது. மரபு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. இந்தக் கரையின் நாட்டார் கவிகளில் பெண் குரல் கொஞ்சநஞ்சமல்ல. வராத மச்சானை ஏசுவதும், வரச் சொல்வதும், ஏமாற்றியவனைச் சபிப்பதும் பெண்கள் வாயிலிருந்தே வந்தன. அவற்றை ஊர் காலாகாலமாகக் கேட்டது, மனப்பாடமும் செய்தது. எழுதப் படிக்கத் தெரியாத மூத்தம்மாவுக்கு இருந்த உரிமை பட்டதாரிப் பேத்திக்கு இல்லை என்றால், இடையில் நடந்தது பண்பாட்டுப் பாதுகாப்பு அல்ல. 1986இல் யாழ்ப்பாணத்தில் ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெண் கவிஞர் தொகுப்பு வந்ததற்கும் முன்னால் அவர்கள் கூடிப் பேசிய வட்டங்கள் இருந்தன. ஒலுவிலில் மாணவிகள் மட்டும் கூடி வாசிக்கும் அமர்வோடு தொடங்கினாலும் குற்றமில்லை. அது அவர்களை ஒதுக்கிவைக்கும் இடமாகிவிடாமல், அங்கே வாசித்ததைப் பொது அவைக்குக் கொண்டுவரும் வழி திறந்திருந்தால் சரி.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, ஒலுவில் இன்று தமிழ் பேசுகிறவர்களுக்கு மட்டுமான வளாகம் அல்ல என்பது. பொறியியல், பிரயோக விஞ்ஞானம், முகாமைத்துவம் என்று பீடங்கள் பெருகப் பெருகச் சிங்கள மாணவர்களும் நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். விரிவுரை ஆங்கிலத்தில், விடுதிப் பேச்சு அவரவர் மொழியில். ஒருவருக்கொருவர் தெரிந்தது கிரிக்கெட் மைதானமும் சாப்பாட்டுக் கடையும்தான். சிங்களத்தில் ‘கவி மடுவ’ என்று, கவிஞர்கள் கூடி உடனுக்குடன் பாட்டுக் கட்டி மோதிக்கொள்ளும் அரங்கு இருந்தது. கொழும்புக் கவிஞர் காலம் என்று சொல்லப்படும் நாட்களில் அதற்குப் பெரும் கூட்டம் சேர்ந்தது. மறுகவி சொல்லும் பழக்கம் இரண்டு மொழிக்கும் உண்டு என்பதை இரண்டு தரப்பு மாணவர்களும் அறிந்திருக்கிறார்களா என்பது சந்தேகம். நல்லிணக்கம் என்ற தலைப்பில் நடத்தப்படும் பயிற்சிப் பட்டறைகளைவிட, சிங்களக் கவிதையொன்றை மூல மொழியில் வாசித்துவிட்டுத் தமிழ் மாணவி அதன் மொழிபெயர்ப்பை வாசிப்பதும், மறுபடி தமிழ்க் கவிதையொன்றைச் சிங்கள மாணவன் அவ்வாறே வாசிப்பதும் பயன் தரும் என்று நினைக்கிறேன். விளங்காத மொழியை அரை நிமிடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பதே இந்த நாட்டில் பலருக்குக் கிடைக்காத பயிற்சி. கவிதை வாசித்து இனப்பிரச்சினை தீருமா என்று சிரிக்கலாம். தீராது. கல்முனையில் பிரதேச செயலக எல்லைத் தகராறு இத்தனை வருடங்களாக ஓயவில்லை. அறுபதுகளில் நீலாவணனின் முற்றத்தில் சேர்ந்திருந்தவர்களின் ஊர்களும் பிற்காலத்தில் ஒன்றையொன்று எரித்த நாட்களைக் கண்டவைதான். இருந்தும் அந்த வட்டத்தின் கவிஞர்கள் ஒருவர் நூலை ஒருவர் பதிப்பித்ததும் எழுதியதும் நிற்கவில்லை. இவ்வளவைத்தான் ஒரு கவியரங்கிடமிருந்து எதிர்பார்க்க வேண்டும். இது குறைவும் அல்ல.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறை. ‘பாடும் மீன்’, ‘கவிஞன்’ போன்றவை அச்சேறியதால் அறுபதுகளின் கவிதை நமக்கு எழுத்தாகக் கிடைக்கிறது. அதே காலத்தில் மேடைகளில் ஒலித்த குரல்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. நீலாவணன் எப்படி வாசித்தார் என்பதைக் கேட்டவர்களின் நினைவை நம்பித்தான் அறிய வேண்டும். இன்று எந்தக் கவியரங்கிலும் பத்துக் கைபேசிகள் உயர்ந்து நிற்கின்றன. பதிவுகள் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு நாள் சுற்றி, கைபேசியில் இடம் போதாமல் அழிக்கப்படுகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் எண்ணிமப்படுத்தியதோடு ஒலி, ஒளிப் பதிவுகளுக்கும் ‘ஆவணகம்’ என்று தனித் தளம் வைத்திருக்கிறது. தமிழ்ச் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் செயலாளர், பொருளாளர் தெரிவு செய்யும்போது பதிவுகளுக்குப் பொறுப்பாக ஒருவரையும் சேர்த்துத் தெரிவு செய்தால், வாசித்தவரின் சம்மதத்தோடும் பெயர், திகதி, இடத்தோடும் அவற்றை அங்கே சேர்ப்பித்துவிடலாம். இதற்குப் பெரிய நிதியொதுக்கீடு ஒன்றும் தேவைப்படாது.